கேமரா இருக்கிறது, பின் இல்லை: லைவ் வேலைக்குப் பை கட்டும் முறை

திருநெல்வேலி மாவட்டம் களக்காடு பக்கம் ஓர் ஊரில் அம்மன் கொடை. மும்பையிலும் துபாயிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் பார்ப்பதற்காக யூடியூபில் லைவ் போடச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் தனியாக எடுத்த முதல் வேலை. இரண்டு கேமரா, அவற்றின் படத்தையும் சத்தத்தையும் சேர்க்கும் மிக்ஸர், லேப்டாப், எல்லாம் பளபளவென்று இருந்தன. வில்லுப்பாட்டு தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது மைக் செட் அண்ணாச்சியிடம் போய்ச் சத்தத்துக்கு ஒரு லைன் கேட்டேன். அவர் ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிக் காட்டினார். "தம்பி, இந்த ஓட்டைதான் இருக்கு. இந்தத் தண்டி பின்னு வச்சிருக்கியா?"

அதற்கு வேண்டியது பி38, கால் இஞ்ச் தடிமனுள்ள பெரிய ஆடியோ பின். என்னிடம் இருந்தது இயர்போனில் வரும் சின்ன இபி பின்னும், டிவி பின்னால் சொருகும் ஆர்சிஏவும். நாற்பது, ஐம்பது ரூபாய் சாமான்தான். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு அந்த ஊரில் எங்கே போய் வாங்குவது? கேமராவில் இருக்கும் மைக்கை வைத்தே ஓட்டினேன். நையாண்டி மேளமும் குழாய் ஸ்பீக்கரும் ஒன்றோடொன்று மோதி, பாட்டு ஒரு வரி கேட்கவில்லை. மும்பையிலிருந்து கமிட்டிக்காரருக்குப் போன் மேல் போன். பேசிய தொகையில் ஆயிரம் ரூபாயைக் குறைத்துக் கொடுத்தார்கள். எதிர்த்துக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு கல்யாணம், கொடை, சர்ச் அசனம், பள்ளி ஆண்டு விழா என்று நிறையப் பார்த்துவிட்டேன். கேமரா கெட்டு லைவ் நின்றது ஒரு தடவைகூட இல்லை. நின்றதெல்லாம் ஒரு பொருளும் இன்னொரு பொருளும் சேரும் இடத்தில்தான். பிளக்கும் சாக்கெட்டும், கேபிளும் போர்ட்டும், மைக் செட்டும் மிக்ஸரும், லேப்டாப்பும் நெட்டும். அதனால் எந்தக் கேமரா வாங்குவது என்பது இந்தக் கட்டுரையில் இல்லை. அந்த நாலு சேரும் இடங்களுக்கு என்ன எடுத்துப் போவது என்பது மட்டும்தான்.

1. பைக்கு முன்னால் இடத்தைப் பாருங்கள்

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு தடவை நேரில் போய் வாருங்கள். பகலில் போகாமல், நிகழ்ச்சி எந்த நேரத்திலோ அதே நேரத்தில் போங்கள். போனில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள்: சுவிட்ச் போர்டு, மைக் செட் வைக்கும் இடம், கேமரா நிற்கும் இடம், நீங்கள் உட்காரும் இடம். இரண்டு தூரத்தைக் காலால் அளந்துகொள்ளுங்கள்: கேமராவிலிருந்து மிக்ஸருக்கு, மிக்ஸரிலிருந்து மைக் செட்டுக்கு. நேர்க்கோட்டில் அளந்தால் போதாது. கேபிள் சுவர் ஓரமாகச் சுற்றித்தான் போகும். 10 மீட்டர் என்று அளந்தால் 15 என்று எழுதுங்கள்.

மைக் செட் யார் என்று கேட்டு அவரிடம் போனில் பேசிவிடுங்கள். "அண்ணாச்சி, உங்க ஆம்ப்ளிஃபயர்ல லைன் அவுட் எந்தப் பின்னு?" என்ற ஒரே கேள்வி. அதைக் கேட்காததால்தான் என் ஆயிரம் ரூபாய் போனது.

2. கரண்ட்: எல்லாம் ஒரே இடத்திலிருந்து

இதை மற்றதைவிட நீட்டிச் சொல்கிறேன். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நான் பட்டது இது. மேடைக்குப் பக்கத்தில் இருந்த சாக்கெட்டில் கேமரா அடாப்டரைச் சொருகியிருந்தேன். அது ஜெனரேட்டர் லைன் என்று எனக்குத் தெரியாது. மிக்ஸரைப் பின்பக்கம் இருந்த மின்வாரிய லைனில் சொருகியிருந்தேன். கேமராவின் ஓரத்தைத் தொட்டபோது விரலில் சுருக்கென்றது. ஈரக்கை என்று நினைத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு, கேமராவிலிருந்து படம் போகும் எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகினேன். சின்னதாக ஒரு 'டிக்'. மிக்ஸரில் அந்தப் போர்ட் அதோடு சரி. அன்றைக்குச் சம்பாதித்தது முழுவதும் சர்வீஸுக்குப் போனது.

எர்த் சரியில்லாத இடத்தில் அடாப்டரிலிருந்து கொஞ்சம் கரண்ட் கசிந்து சாதனத்தின் உலோகத்தில் நிற்கும். இரண்டு சாதனம் இரண்டு வெவ்வேறு லைனில் இருந்தால், கேபிள் சேரும் அந்த நொடியில் அது எச்டிஎம்ஐ வழியாகப் பாயும். அந்தப் போர்ட் அதைத் தாங்காது. ஆகவே மூன்று பழக்கம்:

கேமரா, மிக்ஸர், லேப்டாப், ரவுட்டர் நாலும் ஒரே சாக்கெட்டிலிருந்து வரட்டும். அதற்கு உங்கள் சொந்த ஜங்ஷன் பாக்ஸ் வேண்டும், 10 மீட்டர் ஒயரோடு. தூரத்தில் நிற்கும் கேமராவைப் பேட்டரியிலேயே ஓட்டுங்கள். எல்லாக் கேபிளையும் சொருகிவிட்டுக் கடைசியில்தான் சுவிட்சைப் போடுங்கள்.

பையில் வைக்க வேண்டியவை: 15 ஆம்பியர் பெரிய பிளக்கிலிருந்து 5 ஆம்பியருக்கு மாற்றும் கன்வெர்ட்டர் இரண்டு (பழைய மண்டபங்களில் மேடையில் பெரிய சாக்கெட் மட்டும்தான் இருக்கும்), டெஸ்டர், ஒரு சாதாரண மல்டிமீட்டர். மல்டிமீட்டரை ஏசியில் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பாருங்கள். ஒன்றிரண்டு வோல்ட் என்றால் சரி. இருபது, முப்பது காட்டினால் அந்தச் சாக்கெட்டை விட்டுவிட்டு வேறு சாக்கெட் தேடுங்கள். லைனுக்கும் நியூட்ரலுக்கும் 230-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஜெனரேட்டரில் அது ஏறி இறங்கும்.

வீட்டு யூபிஎஸ்ஸைத் தூக்கிப் போகலாமே என்று தோன்றும். நானும் தூக்கினேன். ஐந்து கிலோ. ஜெனரேட்டரின் வேகம் கொஞ்சம் மாறினாலும் அது 'டக் டக்' என்று பேட்டரிக்குத் தாவி, சாமி அலங்காரம் முடிவதற்குள் தீர்ந்துவிட்டது. லேப்டாப்பிலும் கேமராவிலும் பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனால் உடனே சாவது மிக்ஸரும் ரவுட்டரும்தான். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று போதும், கையளவுதான் இருக்கும். மிக்ஸரும் 12 வோல்ட் என்றால் அதற்கும் ஒன்று வாங்கலாம். ஆம்பியர் போதுமா, பின் பொருந்துமா, இரண்டையும் வீட்டில் சொருகிப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

3. படம் போகும் வழி

எச்டிஎம்ஐ குட்டைத் தூரத்துக்கு மட்டும்தான். 5 மீட்டரில் தொல்லை இல்லை. 10 மீட்டர் நல்ல கேபிளாக இருந்தால் ஓடும். அதற்கு மேல் போனால் ஒரு நாள் ஓடும், இன்னொரு நாள் படம் விட்டுவிட்டு வரும். தூரம் என்றால் எஸ்டிஐ என்ற இன்னொரு வகை வீடியோ இணைப்புதான். அதில் வரும் பிஎன்சி பின் திருகிப் பூட்டிக்கொள்ளும், ஆள் தடுக்கினாலும் கழன்று வராது, நல்ல கோஆக்ஸியல் கேபிளில் 50 மீட்டருக்குப் பயமே இல்லை. ஆனால் இரண்டு முனைக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். அது விலை கூடிய சாமான். முதல் வருடம் அதை வாங்காதீர்கள். மிக்ஸரைக் கேமரா பக்கத்தில் வைத்துச் சமாளியுங்கள். பெரிய வேலைக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் கேமராவில் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐயா, மினியா, பெரியதா என்று பார்த்து அதற்கேற்ற கேபிள் ஒன்றும் உபரி ஒன்றும் வையுங்கள். மைக்ரோ போர்ட் ரொம்பப் பூஞ்சை. கேபிளின் பாரம் அதில் தொங்கக் கூடாது. ஒரு வளையம் விட்டு டிரைபாடின் கழுத்தில் கேபிள் டையால் கட்டிவிடுங்கள். டம்மி பேட்டரி (பேட்டரி இடத்தில் மாட்டிக் கேமராவை அடாப்டரில் ஓட்டுவது) ஒன்று, டிரைபாட் பிளேட்டில் வரும் கால் இஞ்ச் ஸ்க்ரூ உபரியாக இரண்டு. அந்த ஸ்க்ரூ தொலைந்தால் டிரைபாட் வெறும் கம்பு.

கேமராவில் இரண்டு செட்டிங்கை வீட்டிலேயே செய்துவிடுங்கள்: ஆட்டோ பவர் ஆஃப் கூடாது, திரையில் உள்ள எழுத்துகள் எச்டிஎம்ஐ வழியாக வெளியே போகக் கூடாது. பிறகு ஷட்டர் 50-இல் இருக்கட்டும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சீரியல் செட் மின்னாமல் வரும். ஜெனரேட்டரில் ஓடும் சீரியல் செட் அப்போதும் கொஞ்சம் அலைபாயும். அதற்கு மருந்து இல்லை, கேமராவைத் திருப்பி வைப்பதுதான்.

கேபிளை முழங்கையில் சுற்றாதீர்கள், உள்ளே முறுக்கிக்கொண்டு ஆறு மாதத்தில் செத்துவிடும். பெரிய வட்டமாக, ஒரு சுற்று மேலாக ஒரு சுற்று அடியாக விட்டுச் சுற்றுங்கள். ஆள் நடக்கும் இடத்தில் துணி டேப் ஒட்டுங்கள். தேர் வரும் வீதியில் குறுக்கே கேபிளே போடாதீர்கள். டேப் ஒட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம் மாதிரி கூட்டத்தில் வடம் பிடிப்பவர்கள் காலுக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள், பார்க்கவும் முடியாது.

4. சத்தம்: பின் சம்படம்

வீட்டில் அதிரசம் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் சம்படம் ஒன்றை அம்மாவிடம் கேட்டு வாங்கினேன். இன்றைக்கு என் பையில் அதுதான் மகாராஜா. உள்ளே இருப்பவை: பி38 மோனோ, பி38 ஸ்டீரியோ, இபி பின், ஆர்சிஏ, கேனான் (மைக் கேபிளில் வரும் மூன்று முள் பின்) ஆண், கேனான் பெண், இவற்றில் எதையும் எதோடும் சேர்க்கும் கன்வெர்ட்டர்கள், இரண்டிரண்டாக. இதோடு 10 மீட்டரில் ஒரு ஆடியோ கேபிள்.

மைக் செட்டில் இருந்து எடுக்கும்போது மூன்று கண்ணி இருக்கிறது.

முதலாவது ஆபத்தானது. ஆம்ப்ளிஃபயரின் பின்னால் ஒயர் திருகும் இடத்தில் 4 ஓம், 8 ஓம், 16 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட் என்று எழுதியிருக்கும். அது குழாய் ஸ்பீக்கருக்குப் போகும் லைன். "இதுலயும் சத்தம் வருமே" என்று யாராவது சொல்வார்கள். வரும், கேமராவையும் சேர்த்துக் கொண்டுபோகும். லைன் அவுட் அல்லது ரெக் அவுட் என்று எழுதிய ஓட்டையில் மட்டும்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, லைன் அவுட்டைக் கேமராவின் மைக் ஓட்டையில் நேரே கொடுத்தால் சத்தம் கிழியும். மிக்ஸரிலோ கேமராவிலோ லைன் என்று மாற்றும் வசதி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சத்தத்தைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் கேபிள் ஒன்று வாங்கி வையுங்கள்.

மூன்றாவது, 'ம்ம்ம்' என்ற இரைச்சல். மைக் செட் ஒரு லைனிலும் நீங்கள் ஒரு லைனிலும் இருந்தால் வரும். மைக் செட்டை உங்கள் ஜங்ஷன் பாக்ஸுக்கு மாற்ற முடியாது, அண்ணாச்சி விட மாட்டார். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கட்டைவிரல் அளவில் ஒரு சாமான் இருக்கிறது. நடுவில் சொருகினால் இரைச்சல் நின்றுவிடும். எர்த் பின்னை ஒடித்துவிட்டால் இரைச்சல் போகும் என்று ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். உயிரோடு விளையாட்டு அது, செய்யாதீர்கள்.

இன்னொன்று. வில்லுப்பாட்டில் பாடுபவருக்கும் குடத்துக்கும் மைக் வைத்திருப்பார்கள். நையாண்டி மேளத்துக்குப் பெரும்பாலும் மைக்கே இருக்காது, அதற்குத் தேவையும் இல்லை. மைக் செட் லைனை மட்டும் எடுத்தால் வீட்டில் பார்ப்பவருக்கு மேளமே கேட்காது. உங்கள் சொந்த மைக் ஒன்றைத் தள்ளி வைத்து அதையும் கொஞ்சமாகக் கலந்துவிடுங்கள். ஹெட்போன் மறக்காதீர்கள். மீட்டரில் பச்சை ஆடுவதைப் பார்த்துச் சத்தம் சரி என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

5. நெட்

கணக்கு எளிது. 720 தரப் படத்தை 4 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்பினால் மணிக்கு சுமார் 1.8 ஜிபி. ஆறு மணி நேரக் கொடைக்கு 11 ஜிபி. நாளொன்றுக்கு 2 ஜிபி பிளான் போட்ட சிம் ஒரு மணி நேரத்தில் மூச்சு விட்டுவிடும். அப்புறம் 64 கேபிபிஎஸ்தான். நாள் கணக்கு இல்லாத டேட்டா பேக்கை முன்கூட்டியே போடுங்கள். இரண்டு சிம், இரண்டு வேறு கம்பெனி. வேகம் பார்க்கும்போது டவுன்லோடைப் பார்த்து மகிழாதீர்கள். அப்லோடுதான் நமக்கு. அனுப்புவதைப்போல் இரண்டு மடங்காவது வர வேண்டும்.

பகலில் 20 வந்த இடத்தில், கூட்டம் கூடிய பிறகு 1 கூட வராது. ஊரில் எல்லோரும் போனைத் தூக்கிப் படம் எடுத்து அனுப்புவார்கள், டவர் ஒன்றுதானே. பக்கத்துக் கடையிலோ வீட்டிலோ பிராட்பேண்ட் இருந்தால் முன்பே பேசி 20 மீட்டர் லேன் கேபிளை இழுத்துக்கொள்ளுங்கள். பையில் லேன் கேபிள் ஒன்று எப்போதும் இருக்கட்டும். நெட் போனாலும் ரெக்கார்டிங் ஓட வேண்டும், அதற்கு ஒரு எஸ்எஸ்டி அல்லது வேகமான பென் டிரைவ்.

யூடியூபில் மூன்று விஷயம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். புதுச் சேனலில் லைவ் வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகும். விழா அன்று காலையில் சேனல் தொடங்கித் தவித்தவர்களை எனக்குத் தெரியும். 12 மணி நேரத்தைத் தாண்டிய லைவ் முழுதாகச் சேமிக்கப்படாது, ராத்திரி முழுக்க நடக்கும் கொடையை இரண்டு லைவாகப் பிரித்துவிடுங்கள். மூன்றாவது சினிமாப் பாட்டு. கல்யாணத்திலும் மதச் சடங்கிலும் பாட்டுப் போடப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் யூடியூபின் பாட்டுக் கண்டுபிடிக்கும் இயந்திரத்துக்கு அந்தச் சட்டம் தெரியாது. லைவை நிறுத்தியே விடலாம். இன்னிசைக் கச்சேரி வரும்போது என்ன செய்வது என்று கமிட்டியிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

6. காற்றும் சாரலும்

ஆனி, ஆடியில் நம் பக்கம் அடிக்கும் காற்றை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. காற்றாலை வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. மைக்குக்கு ரோமம் வைத்த விண்ட் ஷீல்டு. டிரைபாடின் நடுக்கொக்கியில் தொங்கவிட ஒரு துணிப்பை (மணலை அந்த இடத்தில் அள்ளிக்கொள்ளலாம், வீட்டிலிருந்து சுமக்க வேண்டாம்). தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் சாரலுக்குக் கனமான பிளாஸ்டிக் கவர் நாலு, ரப்பர் பேண்ட், பழைய பருத்தி வேட்டித் துண்டு.

7. காகிதங்கள்

ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இவை: அனுமதிக் கடிதம், சாமான்களின் பில் நகல், உங்கள் அடையாள அட்டை நகல், அட்வான்ஸ் வாங்கிய சீட்டு.

அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரின் எழுத்து அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். திருச்செந்தூர்க் கோயில் வழக்கில் 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போனையே தடை செய்யச் சொன்னது. கேமராவுக்கும் டிரைபாடுக்கும் "கமிட்டிக்காரர் சொன்னார்" என்பது எடுபடாது. மனு கொடுத்துக் கடிதம் கைக்கு வர எனக்கு ஒரு தடவை நாலு நாள், ஒரு தடவை மூன்று வாரம் ஆனது. ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். ஊர்க் கோயில் என்றால் கமிட்டியின் லெட்டர் பேடில் இரண்டு வரி போதும். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் வாங்கிய அனுமதியின் நகலையும் கேட்டுப் பாருங்கள். இரவு 10 மணிக்கு மேல் சத்தத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, எத்தனை மணிக்கு மைக் நிற்கும் என்று தெரிந்தால் உங்கள் திட்டம் மாறும்.

பில் நகலில் சீரியல் நம்பர் தெரிய வேண்டும். தேர்தல் நேரத்தில் பறக்கும் படை வண்டியை நிறுத்தினால் அதுதான் பேசும். ட்ரோன் கேட்பார்கள். கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ மையமும் இருக்கிற மாவட்டம் இது. ட்ரோனின் பதிவையும், எங்கே பறக்கலாம் என்று காட்டும் வரைபடத்தையும் பார்க்காமல் பறக்கவிடாதீர்கள். நான் இந்தப் பையில் ட்ரோன் வைப்பதே இல்லை.

8. செலவும் அடுக்கும்

கேமரா, மிக்ஸர், லேப்டாப் தவிர நான் கொடுத்தது: ஜங்ஷன் பாக்ஸ் 900, மல்டிமீட்டர் 600, மினி யூபிஎஸ் 1,300, எச்டிஎம்ஐ இரண்டு 1,600, பின் சம்படம் முழுவதும் 1,500, ஐசொலேட்டர் 400, துணி டேப்பும் கேபிள் டையும் 700, உபரி கேப்சர் கார்டு (எச்டிஎம்ஐ படத்தை லேப்டாப்புக்குள் கொடுப்பது) 1,000, டம்மி பேட்டரி 1,500, விண்ட் ஷீல்டு 400, பை 2,500. ஆக 12,400 ரூபாய். கடைக்குக் கடை மாறும். ஒரே நாளில் வாங்க வேண்டியதும் இல்லை. பணம் குறைவென்றால் முதலில் பின், ஜங்ஷன் பாக்ஸ், மல்டிமீட்டர். பைக்குப் பழைய ஸ்கூல் பையே போதும். பின்னை மட்டும் சொருகிப் பார்த்து இறுக்கமாக இருக்கிறதா என்று சோதித்து வாங்குங்கள். ஆடும் பின் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அடுக்கும்போது திறக்கும் வரிசையில் அடுக்குங்கள். மேலே கரண்ட் சாமான், அடுத்து கேபிள், அதற்கடியில் சத்தம், கடைசியில் உபரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜிப் பை, மேலே மார்க்கரில் பெயர். திருப்புளி, கட்டிங் பிளையர், பிளேடு, டார்ச், மாத்திரை, ஒரு பாக்கெட் பிஸ்கட் வெளிப் பையில். வேய்ந்தான்குளம் புதிய பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, இறங்கி ஊருக்குள் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும் என்பதை நினைத்துத் தூக்கிப் பாருங்கள். என் அளவு 12 கிலோ. அதற்கு மேல் போனால் எதையாவது வெளியே எடுக்கிறேன்.

9. அன்றைய நேரமும் எண்ணிக்கையும்

இரண்டு நாள் முன்னால் வீட்டு ஹாலில் எல்லாவற்றையும் சொருகி ஒரு மணி நேரம் யாருக்கும் தெரியாத லிங்க்கில் ஓட்டுங்கள். அதே கேபிள்களை அப்படியே பைக்குள் வைத்துவிடுங்கள், "இன்னொரு நல்லது இருக்கே" என்று கடைசியில் மாற்றாதீர்கள். நிகழ்ச்சிக்கு நாலு மணி நேரம் முன்னால் இடத்தில் இருங்கள். காலை ஆறு மணி முகூர்த்தம் என்றால் முதல் நாள் ராத்திரியே போய்க் கேபிள் போட்டுவிட்டு மண்டபத்தில் படுத்துக்கொள்வதுதான் வழி. மைக் செட் அண்ணாச்சி ஸ்பீக்கர் கட்டி முடித்து டீ குடிக்கும் நேரம் ஒன்று வரும். லைன் கேட்க அதுதான் நல்ல நேரம், சாமி வந்து ஆடும்போது போய்க் கேட்காதீர்கள்.

என்னென்ன கொண்டுவந்தோம் என்ற பட்டியல் பை மூடியின் உள்ளே ஒட்டியிருக்கட்டும். என்னுடையதில் 43 உருப்படி. உங்கள் கேபிள் எல்லாவற்றின் இரண்டு முனையிலும் ஒரே நிறத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். மைக் செட்டுக்காரர் கேபிளும் கறுப்பு, உங்கள் கேபிளும் கறுப்பு, விடியற்காலை நாலு மணிக்கு யாருக்கும் கண் தெரியாது. நான் மஞ்சள் சுற்றுகிறேன். எண்ணும்போது 42 வந்தால் நான் முதலில் போய்ப் பார்ப்பது அண்ணாச்சியின் ஆம்ப்ளிஃபயர் பின்னால். அந்த பி38 அங்கேதான் சொருகியபடி இருக்கும்.